கிராமத்து இலக்கணம்

உட்காருங்கள் மேடம். அதில் வேண்டாம், அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். இருங்கள், மணலைத் தட்டிவிடுகிறேன். தட்டினாலும் அப்படித்தான் இருக்கும். இங்கே துடைப்பது என்றால் மணலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பிவைப்பது, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் வர நேரமாகும். லாரிகளில் சாமான் ஏற்றி முடிந்ததும் ஜீப் அனுப்புகிறேன், அதுவரை மேடத்துக்கு டீ போட்டுக் கொடு என்று சொல்லிவிட்டுப் போனார். டீ கொடு என்றுதான் சொன்னார். பேசாதே என்று சொல்லவில்லை. நீங்கள் இறங்கியதும் "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாம்மா" என்று தமிழில் கேட்டீர்களே, ஒரு டம்ளர் கேட்டதற்கு ஒரு குடத்தையே தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார், இந்த மாநிலத்திலேயே தலை நரைத்தவர் என்றுதான் இவர் சொல்லியிருந்தார். தமிழ் என்று சொல்லவே இல்லை.

அழுகிறது என் பிள்ளைதான். ஆரோன். ஏழு மாதம். பசி மேடம். நேற்றுச் சாயங்காலம் குடித்தது. காலையிலிருந்து தொண்டையில் ஒன்றும் இறங்கவில்லை. கஞ்சித் தண்ணீர் கொடுத்தேன், துப்பினான். சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூனில் கொடுத்தேன், அதையும் துப்பினான். முதலில் இதைவிடப் பலமாக அழுதான். இப்போது சத்தம் குறைந்துவிட்டது. குறைந்ததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். அந்த மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தாணியை, அந்த ஆட்டுக்காரர்கள் குடியிருப்பை, இன்றைக்குக் காலி செய்கிறீர்கள், இல்லையா? உங்கள் உத்தரவில்தான் நடக்கிறது. நடக்கட்டும், நான் அதில் குறுக்கே நிற்கவில்லை. அந்த நாலைந்து வட்டக் குடிசையில் ஒரே ஒரு குடிசையை மட்டும் விட்டுவையுங்கள். தாபு என்று ஒருத்தி இருக்கிறாள். அவளும் அவள் கைக்குழந்தையும் மட்டும் இருக்கட்டும். அவள் புருஷன் வேண்டுமானால் இருக்கட்டும், இல்லை போகட்டும். என் பிள்ளைக்கு ஒரு வயது முடியும்வரை போதும். பிறகு அவளையும் அனுப்பிவிடுங்கள். ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் இருப்பதால் உங்கள் பறவைகளுக்கு என்ன வந்துவிடப் போகிறது?

ஏன் என்றுதானே பார்க்கிறீர்கள்? சொல்கிறேன். டீ குடியுங்கள். பால் இல்லாத டீதான், மன்னியுங்கள். ஆட்டுப்பால் தாணியிலிருந்துதான் வரும்.

நான் திண்டுக்கல் மேடம். கான்வென்டில் படித்தேன், ஹாஸ்டலில் இருந்தே படித்தேன். கல்யாணமாகி இங்கே வரும்போது தேசியப் பூங்கா என்றதும் கொடைக்கானல் பிரையண்ட் பூங்கா மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்து வந்தவள் நான். சிரிக்காதீர்கள். பூங்கா என்றால் பூ இருக்க வேண்டாமா? ஜீப்பில் வந்துகொண்டே இருக்கிறோம், மணல், எருக்கு, மணல், நடுவில் ஒரு வன்னி மரம், மறுபடி மணல். "பூங்கா எப்போ வரும்?" என்று கேட்டேன். "வந்து ஒரு மணி நேரமாச்சு ஜெசி" என்றார் இவர்.

இவர் கெட்டவர் இல்லை மேடம். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வனத்துறைக்காரர், கானமயிலுக்காக உயிரை விடுகிறவர். நம் ஊரிலும் ஒரு காலத்தில் அந்தப் பறவை இருந்ததாமே, அழிந்துபோய்விட்டது. உலகத்தில் மிச்சமிருப்பதில் பெரும்பங்கு இந்த மணலில்தான். வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும். அதையும் கூடு கட்டி வைக்காது, வெறும் தரையில் இட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும். ஒரு தடவை மின்கம்பியில் மோதி ஒன்று செத்துக் கிடந்தது. அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, இதோ இந்த இடத்தில்தான் வைத்தார், வைத்துவிட்டு அழுதார். இவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிள்ளை பிறந்தபோதுகூட அழவில்லை.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கல் ஒன்றைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "என்னது, சொல்லு?" விறகு என்றேன். "தூக்கு" என்றார். தூக்க முடியவில்லை. மரம் மேடம், கல்லாகிப்போன மரம். இங்கே பெரிய காடு இருந்ததாம், அதற்குப் பிறகு கடல் வந்ததாம், கடலும் போய்விட்டதாம். "எல்லாம் வந்து போன இடம் ஜெசி, இது" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கடலே இருக்க மாட்டேன் என்று போய்விட்ட இடத்தில் நான் எப்படி இருப்பேன்?

தாணிக்காரர்களும் அப்படி வந்து போகிறவர்கள்தான் என்று இவர் சொல்வார். எல்லைக்கு அந்தப் பக்கம் சிந்து வரைக்கும் ஆடு மேய்த்துக்கொண்டு போய் வந்தவர்களாம். பிறகு எல்லை போட்டார்கள், வேலி வந்தது. பிறகு பூங்கா என்று அறிவித்தார்கள். பூங்காவுக்குள் இருப்பதால் கரண்டு கிடையாது, தார் ரோடு கிடையாது, குடிசைக்கு ஒரு சுவர் கூடுதலாக வைக்கக்கூட அனுமதி கேட்க வேண்டும். அவர்களுடைய நாய் கானமயில் முட்டையை ஒரு தடவை தின்றுவிட்டது, அன்றிலிருந்து இவருக்கும் அவர்களுக்கும் ஆகாது. "ஒரு வாரிசைத் தின்னுட்டு நாய் நாக்கை நக்கிட்டு நிக்குது. அதுக்கு இவங்க ரொட்டி போடறாங்க" என்பார்.

எனக்கு ஆகாமல் இல்லை. எனக்கு யாருமே இல்லை. தாபுதான் வருவாள், ஆட்டுப்பால் கொண்டுவருவாள். தாபு என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? நீங்கள் இங்கேயே இருக்கிறீர்கள், தெரிந்திருக்கும். போதும் என்று அர்த்தமாம். அவளுக்கு முன்னால் வரிசையாகப் பெண்கள் பிறந்துவிட்டார்கள். நம் ஊரில் போதும்பொண்ணு என்று பேர் வைப்பார்களே, அதேதான். அதைக் கேட்டதும் நான் ரொம்ப நேரம் சிரித்தேன். ஏன் சிரிக்கிறாய் என்றாள். எங்கள் தெருவிலும் ஒரு தாபு இருந்தாள் என்றேன். "மதராசண் தேசத்திலும் பெண் என்றால் போதும்தானா?" என்று அவளும் சிரித்தாள். மதராசண் என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். இவனைக் கறுப்பா என்பாள். முதலில் எனக்குக் கோபம் வரும். இப்போது வராது.

பிள்ளைக்கு மூன்று மாதம் இருக்கும்போது எனக்கு டைபாய்டு வந்தது. காய்ச்சல் விட்டபோது பாலும் விட்டுப் போயிருந்தது. சுத்தமாக நின்றுவிட்டது. டப்பா பால் கொடுத்தோம், ரத்தமாகப் போனான். ஆட்டுப்பால், அதுவும் அப்படித்தான். டவுனுக்குக் கொண்டுபோனோம். மிருகப் பால் எதுவும் இந்தக் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது, பெரியவனாக ஆக ஆகச் சரியாகிவிடும், அதுவரை தாய்ப்பால்தான் என்றார் டாக்டர். அவர் எழுதிக் கொடுத்த விசேஷ டப்பாவை ஜோத்பூரிலிருந்து வரவழைத்தோம். வாயில் வைத்ததும் வாந்தி. வயிறு உள்ளே போய், தலை மட்டும் பெரிதாக, கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவான் மேடம். நான் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தாபு வழக்கம்போல் தூக்குச்சட்டியோடு வந்தாள். வாசலில் நின்று பார்த்தாள். "பால் வேண்டாமா?" என்றாள். அவனுக்கு ஆகாது என்றேன். "எது ஆகாது?" மிருகப் பால் ஆகாது, மனுஷப் பால்தான் வேண்டுமாம் என்றேன். சட்டியைக் கீழே வைத்தாள். என்னைக் கேட்கவில்லை. அவனை எடுத்து முக்காட்டுக்குள் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். அவன் விழுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. கிளக், கிளக் என்று. "உன் பிள்ளை கடிக்கிறான். ஆட்டுக்குட்டியே பரவாயில்லை" என்று திட்டினாள்.

அன்றிலிருந்து தினமும் வருவாள். காலையில் ஒரு தடவை, மதியம், சாயங்காலம். நடுவில் நான் தூக்கிக்கொண்டு போவேன். அவள் பெண் குழந்தை சுகிக்கு இவனைவிட நான்கு மாதம் அதிகம். சுகிக்கு ரொட்டியைப் பாலில் பிசைந்து கொடுத்துவிட்டு என் பிள்ளைக்கு மாரைக் கொடுப்பாள். நான் கண்டுகொள்ளாத மாதிரி இருப்பேன். வேறு என்ன செய்வது? அம்மாவிடம் போனில் சொன்னேன். "யாரோ ஆடு மேய்க்கிறவ பாலையா குடுக்கிற? ஃபாதர்ட்ட சொல்லி மந்திரிச்ச தண்ணி அனுப்பவா?" என்றாள். ஊருக்கு வந்துவிடு என்று சொல்ல எல்லோருக்கும் சுலபம். இங்கிருந்து டவுன், டவுனிலிருந்து ரயில், மாறி மாறி மூன்று நாள். அந்த மூன்று நாளும் இவன் எதைக் குடிப்பான்?

இதுதான் மேடம் விஷயம். அவள் லாரியில் ஏறிவிட்டால் இவன் இல்லை. நான் கூட்டிச் சொல்லவில்லை.

என்ன கேட்டீர்கள்? சம்மதமா? ஆமாம், அவர்கள் சம்மதித்துத்தான் போகிறார்கள். நீங்களே அறிக்கையில் படித்திருப்பீர்களே. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்குத் தெரியாதா என்ன? நான்தானே மொழிபெயர்த்தேன்.

ஆமாம், நான்தான். அவர்களிடம் சம்மதம் கேட்க அந்தக் கமிட்டி வந்தபோது. அப்போது இவன் வயிற்றில் இருந்தான். கமிட்டியில் தலைவியாக வந்தவர் கேரளத்துப் பெண்மணி, பறவை நிபுணர், ஹிந்தி ஒரு சொல் தெரியாது. தாணியில் ஆண்கள் ஆடுகளோடு எங்கோ தூரத்தில் இருந்தார்கள். இரண்டு கிழவர்கள்தான். அவர்கள் எதைக் கேட்டாலும் "வீட்டுப் பெண்களைக் கேளுங்கள்" என்றார்கள். பெண்களோ மாமனார் காதில் விழுகிற மாதிரி வாய் திறக்க மாட்டார்கள். உங்களுக்குத் தெரியுமே, இங்கே அது வழக்கம். வெளி ஆண்கள் முன்னாலும் பேச மாட்டார்கள். அதனால் இவரையும் மற்ற ஆபீசர்களையும் கிழவர்களையும் எல்லாம் தள்ளி, அந்தக் கிணற்றுப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். வன்னி மரத்தடியில் பெண்கள், அந்த அம்மாள், நான். ஹிந்தியும் இங்கிலீஷும் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். பிராத்மிக்கிலிருந்து ராஷ்டிரபாஷா வரை எல்லா ஹிந்திப் பரீட்சையிலும் முதல் வகுப்பு மேடம். ஹாஸ்டலில் வேறு வேலை ஏது?

பயந்துகொண்டேதான் போனேன். வெளுத்த காட்டன் புடவை கட்டி, எட்டு இடத்தில் பின் குத்தியிருந்தேன். முக்காட்டுக்குள்ளிருந்து ஒருத்தி, "மதராசண் துணியை ஆணி அடித்து மாட்டியிருக்கிறாள்" என்றாள். எல்லா முக்காடும் குலுங்கியது. அப்படித்தான் ஆரம்பித்தது, சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தது. யாரும் அழவில்லை, கத்தவில்லை.

இங்கிருந்து போவீர்களா என்று கேள், என்றார் அந்த அம்மாள். கேட்டேன். முக்காடுகள் ஒன்றோடொன்று குசுகுசு என்று பேசின. பிறகு தாபுதான் பதில் சொன்னாள். அப்போது அவளை எனக்கு அவ்வளவாகத் தெரியாது, குரல் மட்டும் தெரியும். தெளிவாகச் சொன்னாள். நாளைக்குப் போகிறோம், பின்னாலேயே வருகிறோம் என்று சொன்னாள்.

அந்த அம்மாளே ஆச்சரியப்பட்டுவிட்டார். டுமாரோ? சோ சூன்? என்றார். கிராமத்தில் நாளைக்கு என்றால் சீக்கிரத்தில் என்று அர்த்தம் மேடம் என்று நான்தான் விளக்கினேன். நம் ஊரில் தச்சுவேலைக்காரர் நாளைக்கு என்றால் என்ன அர்த்தம்? அப்படி. அவர் சிரித்தார். தட்டச்சு செய்துகொண்டார்கள்.

இவருக்கு அன்று கால் தரையில் இல்லை. "ஜெசி, நீ என்ன செஞ்சிருக்க தெரியுமா? எத்தனை கூட்டம் போட்டிருக்கோம், ஒருத்தன் தலையாட்டல. நீ ஒரு தடவை கேட்டதும் போறேன்னுட்டாங்க" என்றார். இந்த வேலை முடிந்தால் கோயம்புத்தூருக்கு மாற்றல் கிடைக்கும், ஆனைமலைப் பக்கம், மழை பெய்கிற ஊர் என்றார். மழை என்ற சொல்லைக் கேட்டே நான் அழுதுவிட்டேன். வயிற்றுப்பிள்ளைக்காரி, வேறென்ன செய்வேன்?

ஆனால் பாருங்கள், இவர்கள் வாக்கு மாறுகிறவர்கள். உத்தரவு வந்ததும் தாபு மூன்று நாள் பேசவில்லை. பால் கொடுப்பாள், பேச மாட்டாள். ஏன் இப்படி இருக்கிறாய் என்றேன். "சர்க்கார் எங்களைப் போகச் சொல்கிறது" என்றாள். நீங்கள்தானே போகிறோம் என்றீர்கள் என்றேன். "நான் எப்போது சொன்னேன்?" என்றாள். என் முகத்தைப் பார்த்து, என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நான் எப்போது சொன்னேன் என்கிறாள்! அந்த மரத்தடியில் சொன்னாயே என்றேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "உனக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை" என்றாள். நான் விட்டுவிட்டேன். படிக்காதவர்களோடு வாதாட முடியுமா? என் பிள்ளை அவள் மடியில் இருக்கும்போது எப்படி வாதாடுவேன்?

அதனால்தான் இன்று காலை அவள் வரவில்லை என்று நினைக்கிறேன். கோபம். இல்லை, சாமான் கட்டுகிற வேலையோ என்னவோ. போய்ப் பார்க்கலாம் என்றால், இன்றைக்கு அந்தப் பக்கம் வரவே கூடாது, பார்க்கச் சகிக்காது என்று இவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

சரியான வார்த்தையா? அவள் சொன்னது அப்படியேவா? நன்றாக ஞாபகம் இருக்கிறது. மறக்கவே மறக்காது, ஏனென்றால் அதில் இலக்கணப் பிழை இருந்தது. "காள் மேங் ஜாவாங், பாச்சா ஆவாங்." கல் என்பதற்குத்தான் அப்படிக் காள் என்று நீட்டினாள். கல் என்றால் ஹிந்தியில் நாளை. நாளையில் என்பது மாதிரி, கல் மேங் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அந்த 'மேங்' வரவே கூடாது. சரி, கிராமத்து இலக்கணம் என்று விட்டுவிட்டு நான் திருத்தித்தான் சொன்னேன். எங்கள் ரோசலின் சிஸ்டர் அதைத்தான் சொல்லித்தருவார். சொல்கிறவன் தப்பாகச் சொன்னாலும் மொழிபெயர்க்கிறவள் சரியாக எழுத வேண்டும், பிழையோடு எழுதினால் மார்க் கிடையாது. பாச்சா என்றால் பீச்சே, பின்னால்.

ஆமாம், காள். நம் ள-தான். கால் இல்லை, காள். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட. டில்லிக்காரர்களுக்கு இந்த ள வாயில் நுழையாது, இவர்களுக்கு வருகிறதே, நம் ஊர் மாதிரி இருக்கிறதே என்று...

ஏன் மேடம்? ஏன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டீர்கள்?

பஞ்சமா?

இல்லை மேடம். பஞ்சத்துக்கு ஹிந்தியில் அகால். நான் படித்திருக்கிறேன். அகால் என்பதுதான்...

இங்கே காள் என்பார்களா. ள போட்டால் பஞ்சம். ல போட்டால்தான் நாளை. சரி. அப்படியென்றால் காள் மேங் ஜாவாங் என்றால்... பஞ்சத்தில் போவோம். பாச்சா ஆவாங்... பின்னால் இல்லை. திரும்பி. திரும்பி வருவோம்.

பஞ்சத்தில் போவோம், திரும்பி வந்துவிடுவோம்.

மழை பொய்த்தால் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போவது, மழை வந்ததும் இதே அடுப்புக்கல்லுக்குத் திரும்பி வருவது. அதைத்தான் சொல்லியிருக்கிறாள். போவீர்களா என்று கேட்டேன், போவதென்றால் அவர்களுக்கு அது ஒன்றுதான்.

ஏன் அதைச் சரியாகச் சொல்லித் தொலைக்கக் கூடாது? நாளைக்கும் பஞ்சத்துக்கும் ஓர் எழுத்து வித்தியாசத்தில் யார் பேர் வைப்பார்கள்? அந்தக் கேரளத்து அம்மாளாவது இரண்டாவது தடவை கேட்டிருக்கலாம் இல்லையா? டுமாரோவா என்று அவருக்கே சந்தேகம் வந்ததே! இவராவது... இவர் கிணற்றடியில் நின்றார். எனக்கு ஏழாவது மாதம் மேடம், வெயில், வாந்தி, பேசுகிறவளின் முகம்கூடத் தெரியவில்லை, துணிக்குள்ளிருந்து குரல்தான் வருகிறது. முதல் வகுப்பு என்றால் என்ன, நான் என்ன இந்த ஊரிலேயே பிறந்தவளா?

இவரிடம் சொல்லாதீர்கள். தயவு செய்து. இவருக்கு வேலை போய்விடும். கோயம்புத்தூர் போய்விடும். இத்தனை வருடம் பட்ட பாடு...

ஒன்று கேட்கிறேன். சம்மதம் இல்லை என்று ஆகிவிட்டால் அவர்கள் போக வேண்டாம், அப்படித்தானே? தாபு போக வேண்டாம். உங்கள் அதிகாரத்தில் நிறுத்தலாமா? நிறுத்திவைக்கலாம் என்கிறீர்களா?

அப்படியானால் எழுந்திருங்கள். டீ கிடக்கட்டும். ஜீப்பெல்லாம் வேண்டாம், அந்த மேட்டைத் தாண்டினால் தாணிதான். போன் எடுக்காது மேடம், இங்கே எப்போதும் எடுக்காது. நடங்கள். என் முந்தானையை இவன் தலையில் போட்டுவிட்டேன், வெயில் படாது. செருப்பைக் கழற்றிவிடாதீர்கள், சுடும். நான் பழகிவிட்டேன்.

இதோ, இந்த ஏற்றம்தான். பாருங்கள், இவன் அழவில்லை. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்புகிறான். ஆரோன். ஆரோன். பார்த்தீர்களா?

ஐயோ. கூரையெல்லாம் எங்கே?

கூரையைப் பிரித்துவிட்டார்கள் மேடம். எல்லாக் குடிசைக்கும். சுவர் மட்டும் வட்டமாக நிற்கிறது. கிணறு... கிணற்றில் அந்த மஞ்சள் வண்டி மண் தள்ளியிருக்கிறது. இவ்வளவு சீக்கிரமாகவா?

இவர் வருகிறார். நான் பேசுகிறேன், நீங்கள் இருங்கள். "பிள்ளைய வெயில்ல தூக்கிட்டு எதுக்கு வந்த? வீட்டுக்குப் போ ஜெசி." போக மாட்டேன். என்னங்க, நான் தப்பாச் சொல்லிட்டேங்க. அன்னிக்கு அந்த மரத்தடியில நான் சொன்னது தப்பு. அவங்க போறேன்னு சொல்லல. பஞ்சம்னாதான் போவோம், திரும்பி வந்துடுவோம்னுதான் சொன்னாங்க. எல்லோரும் கேளுங்கள்! அவர்கள் சம்மதிக்கவில்லை. தே நெவர் சேட் யெஸ். இன்ஹோன்னே ஹாம் நஹீ கஹா தா. என் கையை விடுங்கள். மேடத்துக்குத் தெரியும், மேடத்திடம் கேளுங்கள்.

என்ன மேடம்? நிறுத்தச் சொல்லுங்கள் மேடம். ராத்திரி இவர்கள் எங்கே படுப்பார்கள் என்றால்... அது சரி. கூரை இல்லை. தண்ணீரும் இல்லை. ஆடுகளை முதல் லாரியிலேயே அனுப்பிவிட்டார்களா? இப்போதைக்கு அந்தப் புது இடத்துக்குத்தான் போக வேண்டும் என்கிறீர்கள். நீங்கள் மேலே எழுதுவீர்கள். விசாரிப்பார்கள். மறுபடியும் குடிவைக்க உத்தரவு வரும். எத்தனை நாளில்? சரி. சொல்ல முடியாது. சரி.

தாபு எங்கே? அதோ, கடைசி லாரி. கட்டிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறாள். தாபு! திரும்ப மாட்டேன் என்கிறாள். தாபு, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், நீ சொன்னது காள், நான் சொன்னது... அவளுக்குப் புரிகிறதா என்று தெரியவில்லை. பார்க்கிறாள். என்னைப் பார்க்கவில்லை, இவனைப் பார்க்கிறாள். முந்தானையை எடு என்கிறாள். எடுத்தேன். பார் தாபு, உன் கறுப்பன் எப்படிக் கிடக்கிறான் பார்.

கையை நீட்டுகிறாள் மேடம்.

எனக்கு எட்டவில்லை, நீங்கள் தூக்கிக் கொடுங்கள், மெல்ல, பக்கத்துப் பலகை உயரமாக இருக்கிறது. தலையைப் பிடித்துக்கொள். வாங்கிவிட்டாள். முக்காட்டுக்குள் போட்டுக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லையே. வாயைத் திறக்கிறானா? தாபு, வாயைத் திறக்கிறானா? "சும்மா இரு" என்கிறாள். கன்னத்தில் தட்டுகிறாள். ஆண்டவரே.

கேட்கிறது. கிளக் என்றது. மறுபடியும். குடிக்கிறான் மேடம், குடிக்கிறான். என் ஆரோன் குடிக்கிறான்.

இன்ஜின் போட்டுவிட்டார்கள். ஏன் போட்டார்கள்? கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் போவதற்குள் போய்ச் சேர வேண்டுமா? முன்னால் இருக்கிற லாரிகள் கிளம்பிவிட்டனவே. தாபு, கொடுத்துவிடு. இல்லை, கொடுக்காதே, இப்போதுதான் பிடித்திருக்கிறான். "மதராசண், ஏறுவதானால் ஏறு, இல்லாவிட்டால் கையை எடு. பலகையைப் பிடித்து ஆட்டாதே" என்கிறாள்.

கை கொடுங்கள் மேடம். புடவை மாட்டுகிறது, கிழிந்தால் கிழியட்டும். அந்தக் கிழவி நகர்ந்து இடம் விடுகிறாள் பாருங்கள். ஏறிவிட்டேன். என்னங்க, லாரியைப் பிடித்துக்கொண்டு ஓடி வராதீர்கள், விழுந்துவிடுவீர்கள். வீடு திறந்தே கிடக்கிறது. மேடம், இவர் என்னவோ கேட்கிறார், சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. எப்போது இறங்குவாய் என்றா? பிள்ளை குடித்து முடித்ததும் என்று சொல்லுங்கள். அப்படியே சொல்லுங்கள்.